கொசுவுக்கு ஒரு கேமரா

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சம்மா என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு நாள் முழுக்க உள்ளேயிருந்து ஒரே குரல் கேட்டுக்கொண்டிருக்கும். "மூச்ச நல்லா இழுங்க. நிறுத்துங்க. அசையாதீங்க, அசையாதீங்க... ம், விடுங்க." பெஞ்சில் இருப்பவர்களும் தங்களை அறியாமல் இழுத்து நிறுத்திவிடுவார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் ஒருநாள், "நீங்க லீவு போட்டா நாங்கெல்லாம் மூச்சு விடவே மறந்துடுவோம் போல" என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் அது என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

பதினான்கு வருஷமாக அவள் படம் எடுக்கிறாள். கை, கால், நெஞ்சு, இடுப்பு. ஒரு தடவை ஒரு குழந்தை விழுங்கிய சட்டைப் பொத்தான். முகங்கள் அவளுக்கு நினைவில் நிற்காது. கடைத்தெருவில் யாராவது "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்று நின்றால் திருதிருவென்று விழிப்பாள். அவர் நாலு எட்டு நடந்த பிறகு, லேசாக இடது பக்கம் சாய்கிற நடையைப் பார்த்ததும்தான், "அட, அந்த இடுப்பு!" என்று பிடிபடும். இத்தனை படம் எடுத்தும் ஒருவர்கூட "நல்லா எடுத்திருக்கீங்க" என்று சொன்னதில்லை. படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு "என்ன தெரியுது?" என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்ல அவளுக்கு அனுமதி கிடையாது. "டாக்டர் சொல்வார்" என்பாள். இதிலெல்லாம் அவளுக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை, நாத்தனார் இரண்டு தெரு தள்ளிக் குடிவரும் வரைக்கும்.

நாத்தனாருக்கும் படம் எடுக்கிற வேலைதான். இணையத்தில் பொருள் விற்கிற கம்பெனிகளுக்காகச் செருப்பு, வாணலி, தலையணை உறை என்று எது வந்தாலும் வெள்ளைத் துணி விரித்து, நாலு பக்கமும் விளக்கு வைத்துப் படம் பிடிப்பாள். தோளில் எப்போதும் ஒரு பை, காலில் சத்தம் போடாத ஷூ, வாயில் ஒரு சிரிப்பு. வந்த முதல் வாரமே வீட்டுக் கொசுவைக் கைக்குள் போட்டுக்கொண்டாள்.

கொசு என்பது மகள். ஒன்பது வயது. நாள் தவறாமல் காதருகே ரீங்காரம் போடுவதால் அப்பா வைத்த பெயர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முன்பெல்லாம் கொசு அம்மாவின் முதுகுக்குப் பின்னால்தான் சுற்றும். இப்போது அத்தை வீடு. ஆறு மணிக்குத் திரும்பி வந்ததும் "அத்தை சொன்னா", "அத்தை காட்டினா", "அத்தைகிட்ட ஒரு விளக்கு இருக்கும்மா, அதைக் குடை மாதிரி விரிக்கலாம்".

"என்கிட்ட ஒரு மெஷினே இருக்கு, அறை சைஸுக்கு" என்றாள் மூச்சம்மா ஒருநாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"அதுல சொட்டு பிடிக்க முடியுமா?"

"என்ன சொட்டு?"

சொட்டு என்றால் குழாய்ச் சொட்டு. சமையலறைக் குழாயின் நுனியில் தண்ணீர் உருண்டு, தொங்கி, விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அந்த நொடி கொசுவுக்கு வேண்டியிருந்தது. அம்மாவின் போனில் அதை அறுபத்தொரு தடவை எடுத்திருந்தது. அறுபத்தொன்றிலும் சொட்டு விழுந்து முடிந்திருந்தது. அதைத் தவிரப் பக்கத்து வீட்டுப் பூனையின் வால், அப்பாவின் குறட்டை வாய், லிஃப்ட் கதவு மூடும்போது நடுவில் மிஞ்சும் ஒரு கோடு வெளிச்சம். ஒரு சனிக்கிழமை, போன் இனி இடமில்லை என்று கை விரித்துவிட்டது.

"ஒரு கேமராவே வாங்கிக் குடுத்துடலாம். ஆர்வமா இருக்கா இல்ல" என்றார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் எந்தப் பேச்சிலும் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்பது அவர் வழக்கம். அன்றைக்கு என்னவோ தவறிப்போய் ஒரு மாடியில் இறங்கிவிட்டார். "என் தங்கச்சிகிட்ட கேப்போம். அவளுக்குத்தானே தெரியும்."

அந்த 'தானே' மூச்சம்மாவின் நெஞ்சில் முள்ளாக ஏறியது.

"ஏன், எனக்குத் தெரியாதா? ஒருநாளைக்கு எழுபது படம் எடுக்கறேன்."

"நீ எடுக்கறது வேறம்மா."

"என்ன வேற? உங்க தங்கச்சி செருப்போட மேல்பக்கத்தைத்தான் எடுக்கறா. நான் அதைப் போட்டிருக்கற காலையே ஊடுருவி எடுக்கறேன்."

கணவர் சட்டென்று மறுபடி இரண்டு மாடிக்கு நடுவில் போய் நின்றுகொண்டார்.

நாத்தனார் அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். கொசு ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "அண்ணி, பெருசா எதுவும் வேண்டாம். கைக்கு அடக்கமா ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்" என்றாள்.

"நீ எதுக்கும்மா சிரமப்படற? நானும் இந்தத் தொழில்லதான் இருக்கேன்."

"உங்க தொழில்ல ஒரு வசதி அண்ணி. எல்லாரும் ஒரே மாதிரி சிரிச்சுக்கிட்டே இருப்பாங்க. பல்லு தெரியலன்னு யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

கொசு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புதான் மூச்சம்மாவுக்குத் தாங்கவில்லை.

"என் படத்தைப் பாத்து டாக்டர் ஆளைப் பிழைக்க வைப்பார். உன் படத்தைப் பாத்து ஜனங்க சைஸ் தப்பா வாங்கித் திருப்பி அனுப்புவாங்க."

நாத்தனாரும் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சிரித்தது வயிற்றெரிச்சலைக் கிளறிவிட்டது.

திங்கட்கிழமையிலிருந்து மூச்சம்மா ரகசியமாகப் படித்தாள். மதிய இடைவேளையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் போனில் கேமராக்களின் லட்சணங்களைப் பார்ப்பாள். மெகாபிக்சல் என்றால் எத்தனை, லென்ஸ் மாற்றலாமா கூடாதா, படம் பதிகிற சென்சார் என்ற அந்தத் தகடு எவ்வளவு அகலம். அவளுக்கு ஒன்று சட்டென்று புரிந்தது: தகடு பெரிதாக இருந்தால் படம் தெளிவாக இருக்கும். எக்ஸ்ரேயிலும் அதுதானே. பெரிய தகட்டுக்குப் பெரிய கேமரா. ஆக, நாத்தனார் சொல்லும் கைக்கடக்கமானது மட்டம். இந்த முடிவுக்கு வந்தபோது அவளுக்கு உண்டான சந்தோஷத்தைப் பார்த்து எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ், "என்னக்கா, பிரமோஷனா?" என்று கேட்டாள்.

புதன்கிழமை வேலை முடிந்து நேராகக் கேமராக் கடைக்குப் போனாள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "யாருக்குங்க?" என்றார்.

"பொண்ணுக்கு. இருக்கறதுலயே தெளிவா எடுக்கறது வேணும்."

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"அது எதுக்கு? படம் நல்லா வரணும்."

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து வைத்தார். முன்னால் ஒரு தம்ளரைக் கவிழ்த்தது போல லென்ஸ். அழுத்தினால் உள்ளே ஏதோ கதவு அடித்துச் சாத்துகிற சத்தம். மூச்சம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போனது. அவளுடைய அறையிலும் மெஷின் இப்படித்தான் அதிகாரமாகச் சத்தம் போடும். "சனிக்கிழமை பொண்ணோட வரேன். எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் வரும்போது, கொசு அந்தப் பெரிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போவதையும், அத்தையின் முகம் சுண்டிப்போவதையும் மூன்று தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தபோது கொசு பால்கனியில் முதுகைக் காட்டிக்கொண்டு, வீட்டுப் போனைக் காதில் வைத்திருந்தது. குரல் குசுகுசுவென்று இருந்தது.

"அம்மாவ மட்டும் பிடிக்கவே இல்ல அத்தை."

மூச்சம்மா செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"இல்ல. எவ்வளவோ முயற்சி பண்ணிட்டேன். முடியல... ம்... அம்மாகிட்ட சொல்லாத. ப்ராமிஸ்?"

சத்தம் போடாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். மூன்று மாடி இறங்கினாள். வாசலில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல், காலியாக இருந்த தபால் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிள்ளைக்கு அம்மாவைப் பிடிக்கவில்லை. சரி, ஒன்பது வயதில் எந்தப் பிள்ளையும் ஒரு நேரம் அப்படிச் சொல்லும். ஆனால் போயும் போயும் அவளிடமா சொல்ல வேண்டும்? அதிலும் முயற்சி பண்ணிப் பார்த்தாளாம். அம்மாவைப் பிடிக்க வைத்துக்கொள்ள முயற்சி வேறு பண்ண வேண்டியிருக்கிறது! நாத்தனார் அதற்கு என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று நினைக்க நினைக்கக் காது புகைந்தது. "பாவம் அண்ணி, அவங்களுக்கு எலும்புதான் தெரியும்" என்று சொல்லியிருப்பாள். பத்து நிமிஷம் கழித்துக் காலால் படியைத் தட்டித் தட்டி மேலே ஏறினாள். கொசு கதவைத் திறந்து, "ஏம்மா மூஞ்சி அப்படி இருக்கு?" என்றது.

"எந்த மூஞ்சி? எனக்கு ஏது மூஞ்சி?"

சனிக்கிழமை கணவருக்கு எங்கேயோ லிஃப்ட் சிக்கிக்கொண்டது. அவருக்குத் தப்பிக்க வேண்டும் என்றால் எங்கேயாவது ஒரு லிஃப்ட் கைகொடுக்கும். அதனால் பெண்கள் மூன்று பேரும்தான் கடைக்குப் போனார்கள். நடுவில் கொசு. இரண்டு பக்கமும் இரண்டு கை. அத்தை பக்கத்துக் கை மட்டும் வீசி வீசி ஆடுவதாக மூச்சம்மாவுக்குத் தோன்றியது.

கடைக்காரர் சொன்ன சொல் தவறாமல் அந்தக் கறுப்புக் கேமராவை எடுத்து வைத்தார்.

"அம்மாவே வந்து பாத்துட்டுப் போனாங்க" என்றார் பெருமையாக.

"அப்படியா அண்ணி? சொல்லவே இல்லையே."

"எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? சில பேருக்கு அந்தப் பழக்கம் இருக்கு" என்றாள் மூச்சம்மா, மகளைப் பார்த்துக்கொண்டே.

அம்மா பொடி வைத்துப் பேசியது கொசுவுக்குப் புரியவில்லை. கேமராவை இரண்டு கையாலும் தூக்கியது. கண்ணருகே கொண்டுபோனது. லென்ஸ் மெதுவாகத் தரையைப் பார்த்துத் தொங்கியது. இடது கையைக் கீழே முட்டுக் கொடுத்துக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலால் பொத்தானைத் தேடியது. விரல் நீண்டு நீண்டு பாதி வழியில் நின்றது.

"எப்படி இருக்கு?"

கொசு அம்மாவின் முகத்தைப் பார்த்தது. "நல்லா இருக்கும்மா. பெருசா இருக்கு."

நாத்தனார் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒன்றைக் காட்டி எடுக்கச் சொன்னாள். சோப்பு டப்பா அளவுதான் இருந்தது. கீழே விழுந்தாலும் உடையாது, தண்ணீர் பட்டாலும் கெடாது என்று கடைக்காரர் ஒப்பித்தார். கொசு அதைக் கையில் வாங்கிய வேகத்திலேயே அப்படித் திரும்பி இப்படித் திரும்பி நாலு படம் எடுத்துவிட்டது. எடுத்ததற்கு அறிகுறியாக ஒரு சத்தம்கூட இல்லை.

"அத்தை! இதுன்னா அம்மாவ பிடிச்சிடும்!"

மூச்சம்மாவுக்கு நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும் தொண்டைக்கு வந்தது.

"ஓகோ. இத வாங்கிக் குடுத்தா என்னைப் பிடிச்சிடுமோ? இல்லாட்டி பிடிக்காதோ?"

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"அம்மா, என்னம்மா..."

"நேத்து காதால கேட்டேன்டி. அம்மாவ மட்டும் பிடிக்கவே இல்லன்னு உன் அத்தைகிட்ட சொல்லல நீ? பிடிக்கலன்னா பிடிக்கலன்னு இருந்துட்டுப் போ. அதுக்கு ஒரு சோப்பு டப்பாவ லஞ்சமா கேக்காத. நீயும்தாம்மா" என்று நாத்தனார் பக்கம் திரும்பினாள், "பிள்ளை இப்படிப் பேசினா ஒரு வார்த்தை கண்டிக்கத் தோணலையா உனக்கு? குளுகுளுன்னு இருந்துதோ?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஒரு கணம் மூச்சம்மா அவள் அழுகிறாள் என்றே நினைத்தாள்.

"அண்ணி... ஐயோ அண்ணி... படம் பிடிக்கலன்னு சொன்னா!"

"என்னது?"

"படம், அண்ணி. படம் பிடிக்கறது. உங்களைப் படம் பிடிக்க முடியலன்னு சொன்னா."

மூச்சம்மாவின் தொழிலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். பதினான்கு வருஷத்தில் ஒருவர்கூட எக்ஸ்ரே பிடித்ததில்லை. பிடிப்பது என்பது நாத்தனார் வீட்டுப் பேச்சு. பூனையைப் பிடித்தேன், சொட்டைப் பிடிக்கிறேன் என்று கொசு தன் காதுபடவே நூறு தடவை சொல்லியிருக்கிறது. தனக்கு என்று வந்தபோது மட்டும் வேறு அர்த்தம்தான் காதில் விழுந்திருக்கிறது.

கொசு அம்மாவின் கைப்பையிலிருந்து போனை எடுத்துக் காட்டியது. குழாய்களுக்கும் பூனைக்கும் நடுவில் அவள். சமையலறையில், பால்கனியில், துணி மடிக்கும்போது. ஒவ்வொன்றிலும் கண் விரிந்து, தோள் ஏறி, கன்னம் லேசாக உப்பி, சுவரில் ஒட்டியதுபோல நேராக நின்றாள். பின்னாலிருந்து எடுத்த படத்தில்கூட முதுகு விறைத்திருந்தது.

"நீ போனைப் பாத்தாலே மூச்ச நிறுத்திடறம்மா" என்றது கொசு. அழுகை வரப் பார்த்தது. "இந்தப் போன் அமுக்கினா உடனே எடுக்காது. யோசிச்சு எடுக்கும். அதுக்குள்ள நீ பாத்துடுவ. நீ பாக்கறதுக்கு முன்னாடி டக்குனு எடுக்கற கேமரா எதுன்னு அத்தைகிட்ட கேட்டேன்."

"அதுக்குத்தான் அண்ணி சின்னதா, சத்தம் போடாததா பாத்தேன்" என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிரிப்புத் தண்ணீர்தான்.

இத்தனை நாளாகத் தன் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேரும் குசுகுசுத்தது தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்தால் யாருக்கும் மனசு குளிர்ந்துபோகும். மூச்சம்மாவுக்கும் குளிர்ந்தது, அரை நிமிஷத்துக்கு. அப்புறம் பொறாமை வேறொரு இடத்தில் கால் ஊன்றிக்கொண்டது.

"என்னை எடுக்க எந்தக் கேமரா நல்லதுன்னு என்கிட்ட கேட்டா என்ன?"

"உன்கிட்ட கேட்டா நீ ரெடியா நிப்பியே!"

கடைக்காரரே சிரித்துவிட்டார். பிறகு வியாபாரியின் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, "அப்போ எதைக் கட்டட்டும்மா?" என்றார்.

மேஜை மேல் இரண்டு கேமராவும் இருந்தன. கொசு சின்னதைத் துடைத்து, வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பெரியதின் பக்கம் நகர்ந்து நின்றது. "அம்மா சொன்னதையே வாங்கிக்கலாம் அத்தை. எனக்கு ஓகே."

ஜெயித்தாயிற்று. நாத்தனாரின் முகம், பஸ்ஸில் மூன்று தடவை பார்த்தபடியே, உண்மையாகவே கொஞ்சம் சுண்டியது. "சரி அண்ணி, உங்க இஷ்டம்" என்றாள். மூச்சம்மா அந்தச் சொல்லை வாயில் வைத்து நன்றாகச் சுவைத்தாள்.

கொசு மறுபடி பெரியதைத் தூக்கியது. அம்மா பார்க்க வேண்டும் என்று, வேண்டுமென்றே உயரமாக. மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைந்தது.

அந்த மணிக்கட்டை அவளுக்குத் தெரியும். ஏழு வயதில் கொசு மாடிப்படியில் உருண்டபோது அவளேதான் படம் எடுத்தாள். பெரியவர்களுக்கு எட்டுச் சின்ன எலும்புகள் கூழாங்கல் மாதிரி நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில் ஏழுதான் தெரிந்தன. எட்டாவது குருத்தாக இருந்தது, படத்தில் விழவில்லை. பெண் பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்து வயதில் வரும். இன்னும் வந்திருக்காது. ஏழு கூழாங்கல்லின் மேல் இந்த இரும்பை ஏற்றி வைத்துவிட்டு, பிள்ளை தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது. விரல் பொத்தானைத் தொடவே இல்லை. ஆனாலும் சிரிக்கிறது.

"இறக்கு" என்றாள்.

"பரவால்லம்மா..."

"இறக்குடி. கை வலிக்கும். ஒரு மாசத்துல தூக்கி அலமாரில வெச்சிடுவ." கடைக்காரரிடம் திரும்பினாள். "சின்னதையே கட்டுங்க."

கொசு துள்ளிக் குதித்தது. குதித்த வேகத்தில் யாரைப் போய்க் கட்டிக்கொள்கிறது என்று அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். கொசு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. கேமராவைத்தான் கட்டிக்கொண்டது.

"தேங்க்ஸ் அண்ணி" என்றாள் நாத்தனார்.

"நீ எதுக்கு தேங்க்ஸ் சொல்ற? உனக்கா வாங்கினேன்? மணிக்கட்டுக்காக வாங்கறேன். உன் செலக்‌ஷன்னு நினைச்சுக்காத."

"நான் நினைக்கவே இல்ல அண்ணி" என்று நாத்தனார் சொன்ன விதத்திலேயே அவள் நினைத்துவிட்டது தெரிந்தது.

கடைக்காரர் கேரண்டி அட்டையை எடுத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார். "யார் பேர்ல எழுதட்டும்?"

"எங்க அண்ணன்..." என்று நாத்தனார் ஆரம்பிப்பதற்குள், "என் பேர்ல" என்றாள் மூச்சம்மா. போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொன்னாள். ஏழு ஒன்று மாதிரி இருக்கிறது என்று திருத்தி எழுதச் சொன்னாள். "ரிப்பேர், கிப்பேர் எதுன்னாலும் நேரா என்னைக் கூப்பிடுங்க. வேற யாரையும் கேக்க வேண்டாம்."

"கேக்க மாட்டேங்க" என்றார் அவர் பயபக்தியோடு.

அட்டையைக் கைப்பைக்குள் பத்திரப்படுத்திவிட்டுத் திரும்பியபோது பக்கத்தில் இரண்டு பேரும் இல்லை. கடை வாசலில், நடைபாதை ஓரம், தலையும் தலையும் முட்டிக்கொண்டு குந்தியிருந்தார்கள். தரையில் எதையோ கொசு பிடித்துக்கொண்டிருந்தது. அத்தை அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கொசு தலையை ஆட்டியது.

மூச்சம்மா கைப்பையின் ஜிப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"என்னது அங்க?"

"எறும்பும்மா. சர்க்கரைத் துண்டு தூக்கிட்டுப் போகுது."

"எனக்குக் காட்டு. கொஞ்சம் தள்ளேன்மா" என்றாள் நாத்தனாரிடம்.

நாத்தனார் தள்ளினாள். அவள் தள்ளிய இடம் ஒரு ஆள் குந்துவதற்குப் போதாது. மூச்சம்மா இடுப்பால் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு, நடுவில் உட்கார்ந்தாள்.